ஷெட்டில் நின்ற கால்

வண்டி ஓடவில்லை என்றால் போதும், தெருவில் இருக்கிற அத்தனை பேருக்கும் மெக்கானிக் வேலை தெரிந்துவிடும். முடிச்சூரில் ஜோசலின் வீட்டு ஷெட்டில் அவளுடைய ஸ்கூட்டர் ஆறு மாதமாக அசையாமல் நின்றது. தொடை எலும்பு முறிந்து படுத்துக் கிடந்த அவளைப் பார்க்க வந்தவர்களைவிட அந்த வண்டியைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். எதிர்வீட்டு ஜெபராஜ் சார், ரிட்டயர்டு தலைமையாசிரியர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிக்கர் மேல் ஏறியே நின்று பார்த்தார். கிக்கர் ஒரு நூல்கூட இறங்கவில்லை. அவர் செருப்புதான் அறுந்தது.

“இன்ஜின் இறுகி சீஸ் ஆயிடுச்சும்மா. பேசாம எடைக்குப் போட்டுட்டு எலக்ட்ரிக் வண்டி ஒண்ணு வாங்கிடு” என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, அறுந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போனார் மனிதர்.

எடைக்குப் போடுவதாம்! ஜோசலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது என்ன பழைய பேப்பரா? பின்பக்கம் இரண்டு பக்கமும் கூடுதலாக ஒவ்வொரு சக்கரம் பொருத்திய வண்டி அது. இரண்டு வயதில் வந்த போலியோ அவளுடைய இடது காலைச் சூம்பவைத்துவிட்டுப் போனது. இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட். இருபத்தெட்டு வயது வரைக்கும் யாராவது கொண்டுபோய் விட்டு, யாராவது கூட்டிக்கொண்டு வந்து, பார்சல் மாதிரிதான் போய்வந்தாள். இந்த வண்டி வந்த பிறகு பதினாலு வருஷமாக யார் தயவும் இல்லை. சாயங்காலம் வண்டலூரில் நிறுத்தி, யாரிடமும் சொல்லாமல், வண்டியில் உட்கார்ந்தபடியே ஒரு இளநீர் குடிப்பாள். அதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கும்.

ஜூன் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, லேப் திறக்கிறார்கள். தொடை எலும்பு கூடிவிட்டது, டாக்டர் போகலாம் என்று சொல்லிவிட்டார். தம்பி ஆஸ்டின், “நான் டெய்லி கார்ல விட்டுட்டு வந்துடறேன்க்கா” என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் ஒருநாள் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான், மறுபடியும் பார்சல். அவன் நேரத்துக்குக் கிளம்பி, அவன் நேரத்துக்குக் காத்திருந்து, மழை வந்தால் அவன் முகத்தைப் பார்த்து... வேறு வண்டி வாங்கி, அதற்குச் சக்கரம் பொருத்தி, பதிவு மாற்றி முடிப்பதற்குள் தீபாவளி வந்துவிடும். திங்கட்கிழமை காலை தன் வண்டியில் தானே போய் இறங்கவேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஆஸ்டின்மேல் இன்னொரு வருத்தமும் உண்டு. டிசம்பரில் அடையாற்று வெள்ளம் ஊருக்குள் வந்ததே, அன்று காலையில் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “டேய், என் வண்டிய மட்டும் ஃப்ளைஓவர்ல ஏத்திடு.” முடிச்சூர்க்காரர்களுக்கு இது பழக்கம். மழை என்றாலே காரையும் பைக்கையும் பெருங்களத்தூர் மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிடுவார்கள். அதற்குள் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, ஜோசலின் வழுக்கி விழுந்து, நல்ல காலின் தொடை எலும்பே போய்விட்டது. ஆஸ்டின் அவளை அள்ளிக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். வண்டி ஷெட்டிலேயே நின்று நான்கு நாள் இடுப்பளவுத் தண்ணீரில் ஊறியது. அவன்மேல் என்ன தப்பு, சொல்லுங்கள்? ஒரு தப்பும் இல்லை. அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அந்த வருத்தம் போகவில்லை. மாவுக்கட்டோடு படுத்திருக்கும்போது யார்மேலாவது வருத்தப்பட்டுக்கொண்டிருந்தால் பொழுதும் போகிறது.

அந்த ஆறு மாதமும் அவளைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, பெட்பேன் வைத்து எடுத்ததெல்லாம் ஆஸ்டினின் மனைவி ரோஸி. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. மெலிந்த உடம்பு, அதிர்ந்து பேசமாட்டாள். பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்த பெண். கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு இவர்கள் கோயிலுக்கு வருவாள், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு மட்டும் தன் சபைக்குப் போய்விடுவாள். அங்கே ஜெபித்துக் கொடுக்கிற எண்ணெயை எடுத்துவந்து நிலைவாசலில் தொடுவாள், பிரிட்ஜில் தொடுவாள், ஒருமுறை கேஸ் சிலிண்டருக்கும் தொட்டாள். ஜோசலின் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வந்த புதிதில் அந்த எண்ணெயால் ஒரு சண்டையும் நடந்திருக்கிறது. நாற்பது நாள் உபவாசம் இருந்து, தனியாக ஜெபிக்கச் சொல்லி, பெரிய பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தாள் ரோஸி. ஆலிவ் எண்ணெய், பன்னீர் வாசனை தூக்கலாக அடித்தது. “அக்கா, உங்க கால்ல தடவி ஜெபம் பண்ணட்டுமா?” என்று கேட்டாள். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? ஐந்து வயதிலிருந்து ஜோசலினின் காலில் கை வைத்து ஜெபிக்காத ஆள் கிடையாது. பத்து வயதில் ஒரு கூட்டத்தில் மேடை ஏற்றி, “எழுந்து நட” என்று கையை விட்டார்கள். ஆயிரம் பேர் பார்க்கக் குப்புற விழுந்தாள். அந்த ஞாபகம் மொத்தமும் ரோஸியின் தலையில் இறங்கியது.

“எனக்குக் கால் இல்லன்னு உன்கிட்ட யார் சொன்னது? போய்ப் பாரு, ஷெட்டுல நிக்குது என் காலு. பெட்ரோல் போட்டா ஓடும். எண்ணெய் ஒண்ணும் வேணாம்!”

ரோஸி பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

மே மாதக் கடைசித் திங்கட்கிழமை கதிரேசன் வந்தான். முடிச்சூர் ரோட்டில் டூவீலர் கடை வைத்திருப்பவன். பதினாலு வருஷமாக இந்த வண்டிக்கு வைத்தியம் பார்ப்பவனும் அவன்தான். வெள்ளத்துக்குப் பிறகு அவன் கடையில் நின்ற வண்டிகளையெல்லாம் முடித்து இவளுடைய முறை வர இவ்வளவு நாள் ஆகிவிட்டது. கிக்கரைக் கையால் லேசாக அழுத்திப் பார்த்தான். ஜெபராஜ் சார் மாதிரி ஏறி நிற்கவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான், அந்த ஓட்டைக்குள் ஒரு கம்பியை விட்டு எடுத்தான். கம்பி நுனியில் தேன் மாதிரி, ஆனால் தேனைவிடக் கெட்டியாக, பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. விரலில் தேய்த்தான். முகத்தைச் சுளித்தான்.

“எவன்க்கா இதுல எண்ணெ ஊத்துனது? மூளை கீதா அவனுக்கு? இன்ஜின் ஆயில் இல்ல இது, சமையல் எண்ணெ. ஆறு மாசம், அதுலயும் இந்த வெயிலு. பிசினா பூட்ச்சு. பிஸ்டன அப்டியே கோந்து போட்டு ஒட்ன மாரி புட்ச்சிகினு கீது.”

“நான் ஊத்தலப்பா. நான் ஆஸ்பத்திரில இருந்தேன்.”

“யாரோ ஊத்திக்கீறாங்க. பேஜார் புட்ச்ச வேலக்கா இது.”

யாரோ என்ன யாரோ. வீட்டில் இருந்த ஆம்பளை ஒருத்தன்தான். ஜோசலினுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. அதை அடக்கிக்கொண்டு, “சரியாகுமா? திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகணும்” என்று கேட்டாள்.

கதிரேசன் தலையைச் சொறிந்தான். “சுத்தியல எடுத்து ரெண்டு தட்டு தட்னா கழண்டுக்கும்னு நெறைய பேர் சொல்வான். கழண்டுக்கும், கூடவே பிஸ்டனும் ஒடஞ்சிக்கும். ஊற வெச்சி, பொறுமையா, முன்ன பின்ன ஆட்டி ஆட்டித்தான் எடுக்கணும். கடைக்கு இஸ்துகினு போனா பசங்க அவசரத்துல அடிச்சி வெச்சிருவானுங்க. இங்கியே இருக்கட்டும். நீங்களே பாத்துப்பீங்களா?”

அவள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். லேபில் இறுகிப்போன பியூரெட்டின் கண்ணாடித் திருகு என்றால் எல்லோரும் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். புரொஃபசர்களே முறுக்கி உடைத்துவிட்டு முழிப்பார்கள். அவள் வெந்நீரில் வைத்து, இரண்டு சொட்டு விட்டு, மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசைத்துக்கொண்டே இருப்பாள். திறந்துகொள்ளும். பலம் காட்டினால் கண்ணாடி கைக்குள்ளேயே நொறுங்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

கதிரேசன் பக்கவாட்டு மூடியையும் அதற்குள் இருந்த விசிறியையும் கழற்றினான். உள்ளே இருக்கிற சக்கரத்தில் ஒரு இரும்புப் பட்டையைப் போல்ட் போட்டு இறுக்கி, ஒரு கைப்பிடி மாதிரி செய்துகொடுத்தான். பிளக் ஓட்டை வழியாக டீசலும் தின்னரும் கலந்து ஊற்றினான்.

“காலைல அர மணி, சாங்காலம் அர மணி. இத்த புட்ச்சி இந்தப் பக்கம் ஒரு அமுக்கு, அந்தப் பக்கம் ஒரு அமுக்கு. அவ்ளோதான். ஆடலன்னு கோவம் வந்துச்சுன்னா எழுந்து வூட்டுக்குள்ள போயிருங்க. கோவத்தோட தொடாதீங்க.”

கோபம் இருந்ததே! அன்று சாயங்காலம் ஆஸ்டின் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை, ஜோசலின் பிடித்துக்கொண்டாள். “இன்ஜின்ல எண்ணெய் ஊத்துனியாடா?”

அவன் முகம் வெளுத்தது. “ஆமாக்கா. அந்தச் சமயத்துல... வாட்ஸ்அப்ல ஒருத்தர் அனுப்பிருந்தார். ஸ்டார்ட் பண்ணாதீங்க, பிளக்கக் கழட்டி எண்ணெய் விடுங்கன்னு...”

“இன்ஜின் ஆயில் விடச் சொல்லிருப்பார். நீ தாளிக்கிற எண்ணெய ஊத்துனியா? அன்னைக்கு என் வண்டிய ஃப்ளைஓவர்ல ஏத்தாம விட்ட. அது பத்தாதுன்னு என் வண்டில வடை சுட்டு வெச்சிருக்க!”

ஆஸ்டின் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கதவருகே ரோஸி நின்றிருந்தாள். கையில் கரண்டி. அவள் தலை மிக லேசாக, வேண்டாம் என்பது போல ஆடியது.

“அவ மூஞ்சிய ஏன் பாக்கற? பதில் சொல்லு.”

“சாரிக்கா” என்றான் ஆஸ்டின். அவ்வளவுதான். இத்தனை நாள் அவனோடு சண்டை போட்டிருக்கிறாள், ஒரு வார்த்தைக்கு நாலு வார்த்தை திருப்பிக் கொடுப்பான். அன்று ஏன் வாயை மூடிக்கொண்டான் என்று அவள் யோசிக்கவே இல்லை. ராத்திரி ரோஸி வைத்த தோசையை மட்டும் சாப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திப் படுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஷெட்டில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் ஒரு அமுக்கு, அந்தப் பக்கம் ஒரு அமுக்கு. சுவரைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. சாயங்காலமும் அப்படியே. புதன்கிழமை காலையும் அதே கதை. உள்ளங்கை சிவந்து கன்றிப்போனதுதான் மிச்சம். ரோஸி சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் ஒரு டம்ளர் மோர் வைத்துவிட்டுப் போவாள். போகாமல் கொஞ்ச நேரம் நின்றும் பார்ப்பாள். ஏதோ சொல்ல வாயெடுப்பாள், சொல்லமாட்டாள்.

புதன்கிழமை மத்தியானம்தான் ஜோசலினுக்குத் தன் உத்தியோகம் ஞாபகம் வந்தது. எண்ணெய்ப் பிசின்தானே? அசிட்டோனை விட்டால் என்ன? லேபில் பிசுக்குப் பிடித்த குடுவையெல்லாம் அதில்தானே கழுவுகிறோம்? கதிரேசனுக்குப் போன் போட்டாள்.

“அசிட்டோன் சேத்து ஊத்தட்டுமா கதிரேசன்?”

“இன்னாது அது?”

“நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணி.”

“இன்ஜினுக்கு நெயில் பாலிஷ் போட்ருந்தா சொல்லுங்கக்கா, அழிச்சிரலாம்” என்று சொல்லி அவன் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. பிறகு, “ஊத்துங்க ஊத்துங்க. கரைக்கற சாமான் எதுனாலும் சரிதான். நெருப்ப மட்டும் கிட்ட கொண்டாராதீங்க” என்றான்.

ரோஸியைக் கூப்பிட்டுச் சொன்னதுதான் தாமதம். வெயிலில் குடைகூட எடுக்காமல் ஓடினாள். பஸ் ஸ்டாப்பு பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் இருந்த ரிமூவர் பாட்டில் பதினொன்றையும் வாங்கி, முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தாள். “கல்யாண வீடான்னு கேட்டாங்கக்கா” என்றாள் மூச்சிரைக்க. ஜோசலினுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து இருவரும் சேர்ந்து ஊற்றினார்கள். ஷெட் முழுக்க பியூட்டி பார்லர் வாசனை அடித்தது.

வியாழக்கிழமை சாயங்காலம். இந்தப் பக்கம் அமுக்கினாள். அந்தப் பக்கம் அமுக்கினாள். மூன்றாவது தடவை கைக்குள் ஏதோ வித்தியாசமாக இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் கைக்குத் தெரிந்தது. ஒரு நூல். ஒரு மயிரிழை. மறுபடியும் அமுக்கினாள். மறுபடியும் அந்த ஒரு நூல்.

“ரோஸீ! ஆடுதுடீ!”

ரோஸி சோப்புக் கையோடு ஓடிவந்தாள். இரும்புப் பட்டைக்குப் பக்கத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அது நகருகிறதா என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். நகர்ந்தது. “ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம் ஆண்டவரே!” என்று ரோஸி கைதட்டிக் குதித்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது.

“ஸ்தோத்திரம் இல்ல, அசிட்டோன்” என்றாள் ஜோசலின். ஒரு வண்டிக்காக இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நூல் ஒரு விரல் ஆயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு சாண். சாயங்காலம் உள்ளே எதுவோ ‘க்ளக்’ என்றது, பட்டை அவள் கையைவிட்டு ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தது. அப்போது ஜோசலினுக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? அக்குள் கட்டைகளை ஊன்றி எழுந்து நின்று, ஆளில்லாத தெருவைப் பார்த்து உரக்கச் சிரித்தாள். ஆறு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

சனிக்கிழமை காலையிலேயே கதிரேசன் பையோடு வந்துவிட்டான். பிஸ்டன் ரிங்கெல்லாம் ஒருமுறை பிரித்துக் கழுவிவிடலாம் என்று இன்ஜினின் தலைப்பாகத்தைத் திறந்தான். ஆஸ்டின் தூரத்தில் தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தான். ரோஸி வாசல்படியில். கதிரேசன் பழந்துணியால் உள்ளே துடைத்தான், செல்போன் வெளிச்சத்தை அடித்தான், குனிந்து பார்த்தான். மறுபடியும் துடைத்தான். பிறகு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான்.

“இன்னா கதிரேசன்? போச்சா?” என்று கேட்டாள் ஜோசலின். பயத்தில் அவனுடைய பேச்சே இவளுக்கும் வந்துவிட்டது.

“போலக்கா. இங்க வந்து பாருங்க. கண்ணாடி மாரி கீது.”

அவள் குனிந்து பார்த்தாள். உள்சுவர் பளபளவென்று இருந்தது. அதில் அவளுடைய மூக்குகூடத் தெரிந்தது.

“டிசம்பர்லேர்ந்து தண்ணில நின்ன வண்டி ஒரு அறுவது பிரிச்சிட்டேன். ஒண்ணுகூட இப்டி இல்ல. அல்லாம் துரு. புள்ளி புள்ளியா அரிச்சி, சிலிண்டரே வேற மாத்தற மாரி. இதுல சொட்டு துரு இல்ல. ஏன் தெரியுமா? அந்த எண்ணெதான். தண்ணி வடிஞ்ச ஒடனே ஊத்திக்கீறாங்க. கீழ போல்ட்ட கழட்டி தண்ணியகூட எறக்கி வுட்டுக்கீறாங்க. பிசினாச்சு, வாஸ்தவம்தான். பிசின கரைச்சிரலாம். துருவ இன்னாக்கா பண்ணுவ? அன்னிக்கு மூளை கீதான்னு கேட்டேன் பாருங்க, என் வாயத்தான் கழுவணும். அந்த எண்ணெ மட்டும் ஊத்தலன்னா, மெய்யாலுமே இந்த வண்டிய எடைக்குத்தான் போட்ருக்கணும்.”

ஜோசலின் திரும்பி ஆஸ்டினைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை சாயங்காலம் தான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் திரும்பக் கேட்டது.

மத்தியானம் மூன்று மணிக்கு எல்லாவற்றையும் மாட்டி, புது ஆயில் விட்டு, புது பேட்டரியும் வைத்தான் கதிரேசன். “ஏறுங்கக்கா. நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க” என்றான். அவள் ஏறி உட்கார்ந்தாள். அந்த சீட்டு அவள் உடம்புக்குத் தெரிந்த சீட்டு. கட்டைகளைப் பக்கத்துக் கொக்கியில் மாட்டினாள். பட்டனை அழுத்தினாள். உறுமியது, நின்றது. மறுபடியும். உறுமியது, இருமியது, பிடித்துக்கொண்டது. ஆறு மாதமாக அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் சைலன்சர் வழியாக வெள்ளைப் புகையாகப் பொங்கி வந்து, ஷெட்டை நிறைத்து, தெருவுக்கு வழிந்து, ஜெபராஜ் சார் வீட்டு மாடி வரைக்கும் போனது.

அந்தப் புகையில் கருகிய எண்ணெய் வாசனை. அதோடு கூட, விட்டு விட்டு, இன்னொரு வாசனை.

பன்னீர்.

ஜோசலின் வண்டியை அணைத்தாள். மெல்ல ரோஸி பக்கம் திரும்பினாள். ரோஸி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“அந்தப் பாட்டிலா?”

ரோஸி தலையை ஆட்டினாள்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“எப்டிக்கா சொல்றது?” என்றாள் ரோஸி. “அன்னைக்கு ஊர் முழுக்க சேறு. ஒரு கடை இல்ல. சமையலறைல இருந்த எண்ணெயெல்லாம் தண்ணிலயே போயிடுச்சு. இவர் பிளக்கக் கழட்டி வெச்சிட்டு, எதுனா எண்ணெய் வேணும், ஒடனே வேணும்ங்கறார். பீரோ மேல அது மட்டும்தான் மிச்சம் இருந்துச்சு. மூணு வருஷமா அத நான் எதுக்கும் தொடலக்கா. உங்க காலுக்குன்னு ஜெபிச்சு வாங்குனது, வேற எதுக்கு எடுக்கறது? அப்பறம்தான் தோணுச்சு. ஷெட்டுல நிக்குது என் காலுன்னு நீங்கதானே சொன்னீங்க. சரி, அக்கா காலுக்குத்தானே போவுதுன்னு மொத்தத்தையும் குடுத்துட்டேன்.”

ரோஸி தொடர்ந்தாள். “திங்கக்கெழம கதிரேசன் அண்ணன் வந்து சமையல் எண்ணெய்னு சொன்னதும் எனக்கு உயிரே இல்ல. நாமளே அக்கா கால முடமாக்கிட்டமேன்னு... சொல்ல வேணாம்னு இவரை நான்தான் தடுத்தேன். இவரைத் திட்டாதீங்கக்கா.”

கதிரேசன் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் வைப்பது போல் தலையைக் குனிந்துகொண்டான். ஜோசலின் தன் சூம்பிய காலைப் பார்த்தாள். யார் யாரோ கை வைத்து ஜெபித்த கால் அது. விழுந்த பிறகு ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்லை. இவள் ஒருத்திதான் அவள் திட்டிச் சொன்னதையும் காதில் வாங்கி, அதை மனதில் வைத்துக்கொண்டு, அவள் காட்டிய காலையே கால் என்று நம்பியிருக்கிறாள்.

“இங்க வா” என்றாள். ரோஸி வந்ததும் அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆறு மாதமாக அவளைத் தூக்கிய கை அது. பாத்திரம் கழுவிக் கழுவிச் சொரசொரவென்று இருந்தது.

நன்றி என்ற வார்த்தை இருக்கிறதே, அதை வீட்டுக்குள் சொல்லிக்கொள்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. கூடப் பிறந்தவனிடம் ‘தேங்க்ஸ்டா’ என்று சொல்லிப் பாருங்கள், கோபமா என்று கேட்பான். ஜோசலினுக்கும் வாய் வரவில்லை. “ஆஸ்டின், கதிரேசனுக்கு டீ வாங்கிட்டு வா. உனக்கும் சேத்து வாங்கிக்க” என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. ஆஸ்டின் சிரித்துக்கொண்டே போனான். அவனுக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குக் கிளம்பும்போது ரோஸி வழக்கம்போல் கார்க்கதவைத் திறந்தாள். “அங்க இல்ல, இங்க ஏறு” என்றாள் ஜோசலின்.

ரோஸி திகைத்துப்போனாள். அந்த வண்டியின் பின்சீட்டில் பதினாலு வருஷமாக ஒருத்தரும் உட்கார்ந்ததில்லை. ஜோசலின் உட்கார விட்டதில்லை. பின்னால் ஆள் உட்கார்ந்தால் துணைக்கு வந்த மாதிரி இருக்குமாம். அவளுடைய லஞ்ச் பை மட்டும்தான் அங்கே போகும்.

“ஆறு மாசம் நீ என்னைத் தூக்கின. இன்னைக்கு நான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன். ஏறுடி, நேரமாச்சு.”

ரோஸி ஏறினாள். இரண்டு கையாலும் ஜோசலினின் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “மெதுவாக்கா, மெதுவாக்கா” என்று முடிச்சூர் ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். பின்னால் காரில் ஆஸ்டின் தனியாக வந்தான்.

ஆராதனையில் காணிக்கை எடுத்த பிறகு, நன்றி சொல்லி எழுதிப் போடுகிற ஸ்தோத்திர காணிக்கைச் சீட்டுகளை ஆயர் வாசிப்பது அவர்கள் கோயில் வழக்கம். பிறந்தநாள், கல்யாண நாள், பரீட்சையில் பாஸ், ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, இப்படித்தான் வரும். அன்றும் வந்தது. ஜெபராஜ் சார் பேத்திக்கு இரண்டாவது பிறந்தநாள். ஒருவருக்குப் புதுவீட்டுப் பிரதிஷ்டை. பிறகு ஆயர் ஒரு சீட்டைக் கையில் எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒருமுறை மனதுக்குள் படித்துவிட்டு வாசித்தார்.

“என் தம்பி மனைவி ரோஸிக்காகவும், எனக்கென்று அவள் வைத்திருந்து கொடுத்த எண்ணெய்க்காகவும், என் தம்பி ஆஸ்டினுக்காகவும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஜோசலின்.”

கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. என்ன எண்ணெய், எதற்கு என்று ஒருத்தருக்கும் விளங்கவில்லை. ரோஸிக்கு விளங்கியது. பெஞ்சு நுனியைப் பிடித்துக்கொண்டு குனிந்தவள் கடைசிப் பாட்டு வரைக்கும் நிமிரவே இல்லை. வெளியே வந்ததும் நாலு பேர் அவள் கையைப் பிடித்து, “ஹேப்பி பர்த்டே ரோஸி!” என்று குலுக்கினார்கள். சீட்டில் பெயர் வந்தால் பிறந்தநாள்தானே? அவளும் இல்லை என்று சொல்லாமல், அழுத கண்ணோடு எல்லோருக்கும் தேங்க்ஸ் சொன்னாள்.

திரும்பும்போது ஜோசலின் நேராக வீட்டுக்குப் போகவில்லை. வண்டலூர் வரைக்கும் விட்டு, ரோட்டோரத்தில் நிறுத்தி, வண்டியில் உட்கார்ந்தபடியே இரண்டு இளநீர் சொன்னாள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஆஸ்டின் இரண்டு தடவை போன் அடித்தான், இருவரும் எடுக்கவில்லை.

“நாளைக்குக் காலைல நானும் காலேஜ் வரைக்கும் வரட்டாக்கா? மொத நாளு” என்று கேட்டாள் ரோஸி.

“வேணாம் ரோஸி. நாளைக்கு நான் தனியாப் போறேன்.”

“சரிக்கா” என்றாள் ரோஸி. “அப்ப லஞ்ச் பைய பின்சீட்டுல கட்டி வெச்சிடறேன்.”

இளநீரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சிவிட்டு, ஜோசலின் வண்டியை ஸ்டார்ட் செய்தாள். முதல் அழுத்திலேயே பிடித்தது.